சித்திரப் பித்தர் ஹொக்குசாய்

1843 ஆம் ஆண்டு. இன்று தோக்கியோ என்று வழங்கும் எடோ மாநகரின் ஒரு மூலையிலே, வாடகை வீடொன்றில், எண்பது பிராயத்தைக் கடந்த முதியவர் ஒருவர் காலையிற் கண்விழிக்கின்றார். விழித்ததும் முதல் வேலையாகச் சிறு தாளொன்றை எடுத்து, தூரிகையை மையில் தோய்த்து, ஒரு சிங்கத்தை வரைகின்றார். சில நாட்களில் அது சுருள்மயிர் படைத்த சீனத்துச் சிங்கம். வேறு சில நாட்களிற் சிங்கமுகம் அணிந்து கூத்தாடும் மனிதன். கோடுகள் சிலவே. கை நின்று தயங்கிய இடம் அவற்றிற் காண்பதரிது. அன்றைய திகதியை எழுதியபின் தாளைக் கசக்கி வெளியே எறிந்துவிடுவாராம். தீயவை அணுகாதிருக்கும் பொருட்டு நாள்தோறும் அவர் செய்துகொண்ட காப்பு அது. எறிந்தவற்றைப் பொறுக்கியெடுத்துச் சேர்த்து வைத்தவர் அவருடைய மகள் என்பர். அவ்வாறு தப்பியவற்றுள் 200-இற்கு மேற்பட்டவை இன்றும் யப்பானில் உள்ளன.

அம் முதியவரே ஹொக்குசாய். பொங்கியெழுந்த பேரலையொன்றின் அப்பாலே பியூஜி மலை சிறு கூம்பாய்த் தோன்றும் படத்தை நம்மவருட் பலர் நாட்காட்டியிலோ புத்தக அட்டையிலோ கண்டிருப்பர். அதனை ஆக்கியவர் இவர். ஆயினும் பேரலையின் புகழைப் பாடுவது எமது நோக்கமன்று. ஓடுகின்றவனையும் சுமை தூக்குகின்றவனையும் மல்லனையும் ஆடுகின்றவனையும் சில நொடிகளிற் சில கோடுகளாற் பிடித்துவிடும் வித்தையை ஒருவர் எண்பது ஆண்டுகளுக்கு மேல் எவ்வாறு பயின்றார், அதனைத் தாம் முகங்கண்டறியாத மாணவர்க்கும் எவ்வாறு கற்பித்தார் என்பதைச் சொல்லவே இக் கட்டுரை எழுந்தது.

ஹொக்குசாய் 1760 ஆம் ஆண்டில் எடோவின் கட்சுஷிக்கா பகுதியிற் பிறந்தார். நாட்டை ஆண்ட சோகுனின் மாளிகைக்குக் கண்ணாடி செய்து கொடுத்த குடும்பமொன்றில் வளர்ந்தவர் என்பர். ஆறு வயது முதலே கண்ணிற் பட்டவற்றையெல்லாம் வரையும் வெறி தம்மைப் பற்றிக்கொண்டதெனப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார். சிறுவனாய் இருந்தபோது நூல்களை வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்றில் வேலை செய்தார். அக்காலத்து யப்பானிய நூல்களிற் படமில்லாதவை குறைவு. எனவே அந்த வேலை அவருக்குச் சம்பளத்தோடு கிடைத்த பள்ளிக்கூடமாயிற்று.

பின்னர் பதின்மூன்று பதினான்கு வயதளவில் மரப்பலகை செதுக்கும் தொழிலிற் சேர்ந்தார். இந்தச் சில ஆண்டுகளைச் சரித்திரம் எழுதுவோர் விரைவாகக் கடந்துவிடுகின்றனர். எமக்கோ இவையே அவருடைய கலைக்கு அடித்தளம் என்று தோன்றுகின்றது. ஓவியன் மெல்லிய தாளில் மையால் வரைந்த படத்தைச் செரி மரப்பலகையின்மேற் குப்புற ஒட்டி, கோடுகள் மாத்திரம் எழுந்து நிற்கும்படி மற்றைய இடங்களைக் கத்தியாற் செதுக்கி நீக்குவர். மூலப்படம் அத்துடன் அழிந்துபோகும். பலகையில் மை பூசித் தாளை வைத்துத் தேய்த்தால் அச்சுப்படம் கிடைக்கும். இத் தொழிலைச் செய்பவன் பிறர் கோட்டின் இருபுறமும் கத்தியை ஓட்டுகின்றான். எந்தக் கோடு துணிந்து போடப்பட்டது, எந்தக் கோடு தடுமாறியது என்பதை அவன் விரல்கள் அறிந்துவிடும். ஹொக்குசாய் தூரிகை பிடித்துப் புகழ் பெறுமுன்னரே இந்த அறிவைக் கத்திமுனையிற் பெற்றவர். முதுமையிலே பதிப்பாளர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களில், இன்ன செதுக்காளனிடமே கொடுக்கவேண்டும், கண்ணுக்குக் கீழே நான் வரையாத இமையை வரைந்து வைக்கலாகாது, மூக்கை வேறொரு குழுவினரின் பாணிக்கு மாற்றலாகாது என்றெல்லாம் வற்புறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

1778 ஆம் ஆண்டில் கட்சுகவா சுன்ஷோ என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். சுன்ஷோ கபுக்கி நாடக நடிகர்களின் படங்களை வரைந்தவர். நடிகன் ஒருவன் உச்சக்கட்டத்திலே கண்ணை உருட்டி, காலைப் பரப்பி, அசையாது நிற்கும் நிலையைக் கண்டு வந்து தாளில் இறக்குவதே அங்கே பயிற்சி. ஆசிரியர் தம் பெயரில் ஒரு பாதியைக் கொடுத்துச் சுன்ரோ என்று மாணவருக்குப் பெயரிட்டார். ஆசிரியர் மறைந்தபின் இவர் அக் குழுவில் நெடுங்காலம் நிலைக்கவில்லை. கடையொன்றுக்காக இவர் வரைந்து கொடுத்த விளம்பரப் படத்தை மூத்த மாணவர் ஒருவர் எல்லோரும் பார்க்கக் கிழித்தெறிந்தார் என்றொரு கதையுண்டு. அந்த அவமானமே தம்மை ஓவியனாக்கியது என்று ஹொக்குசாய் பின்னர் கூறிவந்தாராம்.

அதன்பின் அவர் வாழ்வு நிலையற்ற வாழ்வு. பெயரை முப்பது தடவைக்கு மேல் மாற்றினார். ஒரு பெயரிற் புகழ் சேர்ந்ததும் அதனை மாணவன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டுப் புதுப்பெயருடன் மீண்டும் தொடங்குவார். சித்திரப் பித்தன் என்று பொருள்படும் பெயரொன்றையும் தமக்குச் சூட்டிக்கொண்டார். வாழ்நாளில் 93 தடவை வீடு மாறினார் என்று சொல்லப்படுகின்றது. வீட்டைக் கூட்டித் துடைக்கும் வழக்கம் அவரிடத்தும் இல்லை, பின்னாளில் உடனிருந்த மகளிடத்தும் இல்லை. குப்பை பெருகி இருக்க இடமில்லாமற் போனால் வேறு வீடு பார்ப்பதே அவர்கள் கண்ட வழி. காசு வந்தாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. கடைக்காரன் கடனைக் கேட்டால் பதிப்பாளர் அனுப்பிய பொதியைப் பிரிக்காமலே எடுத்துக் கொடுத்துவிடுவார் என்பர். வறுமை அவரை விடாது தொடர்ந்ததில் வியப்பென்ன?

ஆனாற் பொதுமக்கள் முன்னிலையில் வித்தை காட்டுவதில் அவருக்கு விருப்பம் இருந்தது. 1804 ஆம் ஆண்டில் எடோவின் கோயில் முற்றமொன்றிலே பெருந்தாளை விரித்து, துடைப்பம் போன்ற தூரிகையைப் பிடித்துக்கொண்டு தாளின்மேலேயே நடந்து, தாருமாவின் உருவத்தை வரைந்தார். நிலத்தில் நின்றவர்களுக்கு அது என்ன உருவமென்று விளங்கவில்லை. கூரைமேல் ஏறிப் பார்த்தவர்களே கண்டுகொண்டனர். தாருமா என யப்பானியர் வழங்குவது போதிதருமரை. காஞ்சியிலிருந்து சீனம் சென்றவர் என்று நம்மவர் மரபு கூறும் அதே முனிவர்தாம். 1817 இல் நாகோயா நகரத்திலும் இதே வித்தையை நடத்தினார். மறுபுறம், ஓர் அரிசிமணியின்மேல் இரண்டு குருவிகளை வரைந்து காட்டினார் என்றும் சொல்வர். இத்தகைய விளையாட்டுக்களை ஓவியம் என்று கொண்டாட எமக்கு மனமில்லை. எனினும் உடல் முழுவதையும் தூரிகையோடு சேர்த்து அசைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

1812 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் நாகோயாவுக்குச் சென்று, மாக்கி பொக்குசென் என்ற மாணவரின் இல்லத்திலே தங்கினார். தங்கியிருந்த நாட்களில் முந்நூறுக்கு மேற்பட்ட வரைவுகளை வரைந்து தள்ளினார். மனிதர், விலங்கு, மரம், பாத்திரம், முனிவர், பேய் என்று வரையறையே இல்லை. இவற்றைத் தொகுத்து நாகோயாவின் எயிரக்குயா என்ற பதிப்பகம் 1814 இல் நூலாக வெளியிட்டது. ஹொக்குசாய் மங்கா என்பது அதன் பெயர். மங்கா என்றதும் இக்காலத்துப் படக்கதைகளை நினைத்தல் வேண்டா. கைபோன போக்கில் வரைந்தவை என்பதே அவர் கொண்ட பொருள். கறுப்பு, சாம்பல், வெளிறிய செம்மை ஆகிய மூன்றே நிறங்களில் அச்சான அச் சிறு நூல் எதிர்பாராத வரவேற்பைப் பெற்றது. 1819 அளவிற் பத்துப் பாகங்கள் வந்துவிட்டன. ஆசிரியர் இறந்த பின்னரும் தொடர்ந்து, பதினைந்தாவது பாகம் 1878 இலே வெளியாயிற்று. எல்லாவற்றிலுமாக ஏறக்குறைய நாலாயிரம் உருவங்கள் உள்ளன.

இந் நூல் எழுந்த காரணத்தை நாம் கவனிக்கவேண்டும். ஹொக்குசாயிடம் பாடங் கேட்க விரும்பியவர்கள் நாடெங்கும் இருந்தனர். கைத்தொழிலாளரும் வணிகரும் பொழுதுபோக்காகத் தூரிகை பிடித்தோரும் அவர்களுள் அடங்குவர். எல்லோரும் எடோவுக்கு வருதல் இயலாது. வந்தாலும் ஆசிரியரின் வீட்டில் உட்கார இடமில்லை. ஆகவே ஆசிரியரின் கை நூலாகி அவர்களிடம் சென்றது. எங்கோ ஒரு மலைக்கிராமத்தில் இருப்பவன் இரவில் விளக்கடியில் அந்தப் பக்கத்தை விரித்து, ஓடத்தைத் தள்ளுபவனின் வளைந்த முதுகைப் பத்துத் தரம் வரைந்து பார்க்கலாம். பல ஊர்களிலுள்ள பலர் ஒரே பக்கத்தைப் பார்த்து, ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வகுப்பில் இருந்தனர்.

மங்காவோடு நில்லாமல் முறையான பாடநூல்களையும் அவர் செய்தார். சுருக்கச் சித்திரத்தை விரைவிற் கற்பிப்பது என்று பெயரிட்ட நூல் 1812 இல் வெளியாயிற்று. எல்லா உருவங்களையும் வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் அடக்கலாம் என்பதே அதன் உபாயம். ஒரு புறத்தில் அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைந்த வட்டங்கள். அருகிலே அதே வட்டங்கள் குதிரையாகவும் மனிதனாகவும் மாறி நிற்கும். 1815 இல் நடனத்தைத் தனியே பயிலுவதற்கென்று ஒரு நூலுக்குப் படம் வரைந்தார். ஆடுபவனின் ஒவ்வோர் அசைவும் வரிசையாக வரையப்பட்டிருக்கும். கை எந்தத் திசையிற் செல்லும், கால் எந்த வளைவில் திரும்பும் என்பதைக் கோடுகள் காட்டும். 1816 இல் வந்த மற்றொரு நூல் ஒரே வகைப் பொருளை மூன்று நடையில் எழுதிக் காட்டியது. யப்பானியர் தம் எழுத்துக்களை முழுவடிவாகவும், சற்று ஓடவிட்டும், அடையாளம் மட்டும் தெரியப் பறக்கவிட்டும் எழுதுவர். அந்த மூன்று நடையையும் அவர் உருவங்களுக்குப் பொருத்தினார். பறக்கும் நடையில் எழுதவேண்டுமாயின் முழு நடை கைக்குள் இருக்கவேண்டும் என்பதை இதனிலும் தெளிவாக விளக்குதல் அரிது.

மங்காவின் மூன்றாம் பாகத்தில் குருவியாட்டம் ஆடும் மனிதர் வரிசையாக வருகின்றனர். அகன்ற தொப்பியிலே முகங்கள் பெரும்பாலும் மறைந்துபோகின்றன. ஆயினும் ஒருவன் துள்ளுகின்றான், ஒருவன் குனிகின்றான், ஒருவன் களைத்துவிட்டான் என்பதெல்லாம் தோளிலும் முழங்காலிலும் தெரிகின்றது. சித்திர ஆசிரியர்கள் இதன் அருமையை அறிவர். மாணவன் உருவத்தை எழுதத் தொடங்கினால் முகத்திலேயே நின்றுவிடுவான். கண்ணும் மூக்கும் முடிவதற்குள் மணி அடித்துவிடும், உடல் எழுதப்படாமலே போகும். ஹொக்குசாய் முகத்தை மறைத்துவிட்டு உடலைப் பேசவைக்கின்றார். எட்டாம் பாகத்திற் பருத்த உடலினர் சில பக்கங்களிலும் எலும்பும் தோலுமாய் மெலிந்தோர் சில பக்கங்களிலும் காணப்படுவர். பருத்தவர்கள் குளிக்கின்றனர், குனிகின்றனர், சுமக்கின்றனர். நகைப்பு உண்டு, ஆனால் இகழ்ச்சி இல்லை. ஐரோப்பியக் கலைக்கழகங்களிலே கூலிக்கு வந்த ஒருவர் மேடைமேல் நிற்க மாணவர் சுற்றியிருந்து வரைந்த காலம் அது. ஹொக்குசாயின் மனிதர்கள் யாருக்காகவும் நிற்பதில்லை. தெருவிலே தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போகின்றனர். கண் பிடித்ததை நெஞ்சு காத்துவைத்திருக்க, கை வீட்டுக்கு வந்து எழுதுகின்றது.

இத் துறையில் அவரே முதல்வர் என்று சொல்வது நீதியாகாது. கெய்சாய் என்ற ஓவியர் 1795 ஆம் ஆண்டிலேயே சுருக்கச் சித்திர நூலை வெளியிட்டிருந்தார். தாம் செய்வனவற்றையெல்லாம் ஹொக்குசாய் பின்பற்றுகின்றார் என்று அவர் மனங்கசந்ததாகவும் சொல்வர். அக் கசப்புக்கு நியாயம் இல்லாமலில்லை. கெய்சாயின் கோடுகள் இனியவை, குறைந்தவை. ஆனால் ஹொக்குசாயின் உருவங்களுக்கு எடையுண்டு. மூட்டையைத் தூக்குகின்றவனைப் பார்த்தால் மூட்டையின் பாரம் நமக்குத் தெரிகின்றது. பின்வந்தவர் முன்வந்தவரை மறைத்துவிட்டமைக்குக் காரணம் அதுவாகலாம்.

அறுபது வயதுக்குமேல் துன்பங்கள் தொடர்ந்தன. வாதநோய் தாக்கிற்று, எலுமிச்சையினப் பழத்தாற் செய்த மருந்தைத் தாமே காய்ச்சிக் குடித்துத் தேறினார். 1828 இல் இரண்டாம் மனைவி காலமானார். பேரன் ஒருவன் தீயவழியிற் சென்று கடன் மேற் கடன் வைத்தான். அதனைத் தீர்க்கும் பாரம் கிழவரின் தோளில் விழுந்தது. காலைச் சிங்கங்களை அவர் வரைந்தது அந்தப் பேரனால் வந்த கேட்டை விரட்டுவதற்கே என்று கருதுவோரும் உளர். மகள் ஓயி ஓர் ஓவியனை மணந்திருந்தார். கணவனின் படங்களைப் பார்த்து அவர் சிரித்தார் என்பதாலேயே மணவாழ்வு முறிந்ததாம். தந்தையிடம் திரும்பியவர் இறுதிவரை அவருடனேயே இருந்து வரைந்தார். பெண்களை வரைவதில் மகளுக்குத் தாம் நிகரில்லை என்று தந்தையார் ஒப்புக்கொண்டதாகச் சொல்வர்.

பியூஜி மலையின் முப்பத்தாறு தோற்றங்கள் இந்தக் காலத்திலேதான், ஏறக்குறைய 1830 முதல், வெளிவரத் தொடங்கின. பேரலையை வரைந்தபோது அவருக்கு எழுபது வயது. 1834 இல் வெளியான பியூஜியின் நூறு தோற்றங்கள் என்ற நூலின் முடிவிலே தம்மைப்பற்றிச் சிறு குறிப்பொன்று எழுதினார். எழுபது வயதுக்கு முன் தாம் வரைந்தவற்றில் எண்ணத்தக்கது எதுவுமில்லை என்று தள்ளிவிட்டு, உயிர்களின் உடலமைப்புத் தமக்கு எழுபத்து மூன்றிலேதான் ஓரளவு விளங்கிற்று என்றும், நூற்றுப்பத்து வயது வரை வாழ்ந்தால் தாம் இடும் ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிர்பெறும் என்றும் கணக்கிட்டிருந்தார். மங்காவின் பெரும்பகுதியும் அவர் தள்ளிய கணக்கிலே அடங்கும் என்பதை நினைக்கும்போது நமக்குச் சற்றுத் திகைப்பாகவே இருக்கின்றது.

அதன் பின்னர் நாட்டைப் பஞ்சம் வாட்டியது. 1839 இல் வீடு தீப்பற்றி, இளமை முதற் சேர்த்திருந்த வரைவுகள் வெந்து சாம்பலாயின. அந்த நாலாண்டுகளுக்குப் பின்னரே நாம் தொடக்கத்திற் கண்ட காலைச் சிங்கங்கள். சேர்த்துவைத்த யாவும் ஒரேநாளில் எரியக் கண்டவர், வரைந்ததைக் கசக்கி எறியத் தயங்காததில் ஆச்சரியமில்லை. எண்பதைக் கடந்த பின்னும் மலைப்பாதையில் ஒபுசே என்ற ஊருக்குச் சென்று, தக்காய் கோசான் என்ற வணிகரின் ஆதரவில் திருவிழாத் தேர்களின் மேல்விதானத்தில் நாகத்தையும் பீனிக்ஸ் பறவையையும் அலைகளையும் தீட்டினார். 1848 இலே வண்ணங் கலக்கும் முறைகளை இளையோர்க்குச் சொல்லும் நூலை எழுதினார். 1849 மே மாதம் 10 ஆந் திகதி, யப்பானியர் எண்ணிக்கைப்படி தொண்ணூறு வயதில், எடோவின் அசக்குசா பகுதியில் உயிர் நீத்தார். இன்னும் பத்து ஆண்டு, அதுவும் இல்லையேல் ஐந்து ஆண்டு கிடைத்தால் உண்மையான ஓவியனாகிவிடலாமே என்பதே கடைசி ஏக்கம்.

சில ஆண்டுகளுள் மங்கா கடல்கடந்தது. பிராக்மொன் என்ற பிரெஞ்சு ஓவியர் 1856 இற் பாரிஸ் நகரத்து அச்சுக்கூடமொன்றில் அதன் ஒரு பாகத்தைத் தற்செயலாகக் கண்டு பித்துக்கொண்டார் என்பது அங்கே வழங்கும் கதை. 1866 இல் அவர் வடிவமைத்த உணவுக்கலங்களிலே ஹொக்குசாயின் பறவைகளும் மீன்களும் இடம்பெற்றிருப்பதை இன்றும் காணலாம். வான் கோ 1888 இற் சகோதரருக்கு எழுதிய கடிதமொன்றில் யப்பானிய ஓவியர்களைக் கண்டு பொறாமை கொண்டார். மனித உருவமொன்றைச் சில கோடுகளால் முடிப்பது அவர்களுக்கு உடையணிவதைப் போன்ற அன்றாடச் செயலாய் இருக்கின்றதே என்பது அவருடைய ஏக்கம்.

எடோவிலே அந்த வாடகை வீட்டில் நடந்ததை அவர் அறிந்திருக்க மாட்டார். சுயுக்கி என்ற மாணவர் ஒருநாள் அங்கே வந்து, தமது தூரிகை எண்ணியபடி ஓடவில்லை, எத்துணை முயன்றும் ஓவியனாக முடியவில்லை என்று மனம்விட்டுப் புலம்பினார். ஓயி அதைக் கேட்டுச் சிரித்தார். தம் தந்தை சிறுவயது முதல் எண்பதுக்கு மேல் ஆகும் இந்நாள்வரை தூரிகையைக் கீழே வைத்த நாள் இல்லை. அப்படியிருந்தும் முன்னொருநாள் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு பூனையைக்கூடத் தன்னால் வரைய முடியவில்லையே என்று கண்ணீர் விட்டழுதார் என்று அவருக்குச் சொன்னார். அருகில் இருந்த கிழவர் மகள் சொன்னதை மறுக்கவில்லை.

அந்த மாணவர் பல ஆண்டுகளுக்குப் பின் அவ் வீட்டை நினைவிலிருந்து வரைந்தார். அப்படம் தோக்கியோவின் தேசிய நூலகத்தில் இருக்கின்றது. குளிருக்குப் போர்வையைத் தோளின்மேல் இழுத்துவிட்டு, நிலத்தில் விரித்த தாளின்மேற் குனிந்து, கிழவர் வரைந்துகொண்டிருக்கின்றார். பக்கத்திலே மகள் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார்.